அலமாரிக்கு அடியில் இருந்த தரை

நாத்தனார் சாப்பிடுவதற்கு வாயைத் திறந்தாள், பேசுவதற்குத் திறக்கவில்லை. எட்டு நாளாக இப்படித்தான். வலது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மாவுக்கட்டு. இடது கையால் சாப்பிட்டுப் பழக்கமில்லை, பழகிக்கொள்ளும் உத்தேசமும் இல்லை. அதனால் தம்பி மனைவிதான் தினமும் காலையில் கஞ்சியை ஆற்றி, பக்கத்தில் உட்கார்ந்து, கரண்டி கரண்டியாக ஊட்டிவிட வேண்டியிருந்தது.

"தம்பி, கஞ்சியில உப்பு இல்லைன்னு சொல்லு" என்றாள் நாத்தனார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

தம்பி வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து மின்விசிறி மோட்டாருக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தான். சுற்று எண்ணிக்கை தவறிவிடுமே என்று உதட்டை அசைத்துக்கொண்டே, "உப்பு இல்லையாம்" என்றான்.

"என் காது நல்லாத்தான் இருக்கு. ரத்தக்கொதிப்புக்கு உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கார் டாக்டர்னு சொல்லுங்க" என்றாள் அவன் மனைவி.

"டாக்டர் வந்து, உப்பை…"

"எனக்கும் காது இருக்குடா."

"அப்ப நான் எதுக்கு நடுவுல? நூத்து நாப்பதா நூத்து அம்பதா, எத்தனை சுத்துன்னே மறந்துபோச்சு" என்று சுற்றிய கம்பியை எல்லாம் அவன் பிரிக்க ஆரம்பித்தான்.

ஒரே வீடு, ஒரே பேருந்து, ஒரே வேலையிடம் என்று பதினோரு வருஷம் இருந்த பெண்கள் இவர்கள் இருவரும். நாலு ஆலைகளுக்கும் ஒரு கல்லூரிக்கும் சாப்பாடு அனுப்புகிற பெரிய சமையற்கூடம் அது. ஒரு வேளைக்கு ஆயிரத்து இருநூறு பேருக்கு உலை வைக்க வேண்டும். அங்கே பெரிய அடுப்பு நாத்தனாருடையது. தரை தம்பி மனைவியுடையது. கூடத்தில் யாரும் இவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, தரைக்காரி என்றுதான் சொல்வார்கள். அவளுக்கும் அதில் வருத்தமில்லை. கல்யாணமான மூன்றாம் மாதமே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், "இவ என் தம்பி பொண்டாட்டி, கை சுத்தம், வேலை சுத்தம்" என்று சொல்லி வேலையில் சேர்த்துவிட்டவளும் நாத்தனார்தான்.

பதினோரு நாளுக்கு முன்னால் ஒரு முற்பகல். வெளியே தூறல் விட்டபாடில்லை. கழுவிய கீரையை அண்டாவோடு தூக்கிக்கொண்டு நாத்தனார் தொட்டியிலிருந்து அடுப்புக்கு வந்தாள். கீரையிலிருந்து தண்ணீர் சொட்டியது. பாதி வழியில் அவள் கால் அவளைக் கேட்காமல் முன்னால் போய்விட்டது. அண்டா ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். ஊன்றிய கை ஊன்றிய இடத்திலேயே முறிந்தது. அந்த இடத்தை அரை மணிக்கு முன்னால்தான் தரைக்காரி துடைத்திருந்தாள்.

இதுவரைக்கும் யாருக்கும் யார்மேலும் மனத்தாங்கல் இல்லை. ஆஸ்பத்திரிக்கு ஓடியதும், பக்கத்தில் உட்கார்ந்து அழுததும், ஈரத்துணியால் முகம் துடைத்துவிட்டதும் தரைக்காரிதான். மூன்றாம் நாள் மேலாளர் அவளை அறைக்குக் கூப்பிட்டு ஒரு தாளைக் காட்டினார். விபத்து எப்படி நடந்தது என்ற இடத்தில், தரையைத் துடைத்தவர் சோப்பு நீரைச் சரியாக அலசாமல் விட்டதால் என்று எழுதியிருந்தது. கீழே நாத்தனாரின் கையெழுத்து. இடது கையால் போட்டது. எழுத்துகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன.

"உன் வீட்டு ஆளே சொல்லிட்டாங்க. நான் என்ன பண்ண?" என்றார் மேலாளர். கெட்டவர் இல்லை, மேலே இருப்பவர்களுக்குப் பயந்தவர். பயந்தவர்கள் கையில் பேனா இருந்தால் அது எப்போதும் கீழே இருப்பவர்கள் பெயரைத்தான் எழுதும்.

அன்று வீட்டுக்கு வந்து, "ஏன் அண்ணி அப்படிக் கையெழுத்துப் போட்டீங்க?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். நாத்தனார் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். கோபித்துக்கொள்ள வேண்டியவள் ஊட்டிக்கொண்டிருந்தாள். கையெழுத்துப் போட்டவள் கோபித்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டு நியாயம் அப்படி இருந்தது.

தரைக்காரியின் கையிலிருந்து மாப்பைப் பிடுங்கிக்கொண்டு, பின்கட்டில் வெங்காயம் உரிக்க உட்கார வைத்துவிட்டார்கள். "காப்பீட்டுக்காரங்க தரையை அளந்து ஒரு அறிக்கை கேட்கிறாங்க. அது வரட்டும், அப்புறம் உன் விஷயத்தை முடிச்சுடலாம்" என்று சொல்லியிருந்தார் மேலாளர். முடிப்பது என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். வேலை போவதுகூட அவளுக்கு இரண்டாவதுதான். அண்ணி கையை உடைத்தவள் என்ற பெயரோடு அதே வீட்டில் இன்னும் முப்பது வருஷம் எப்படிக் கஞ்சி ஆற்றுவது என்பதுதான் முதலாவது.

வெங்காயம் உரிக்கும்போது அழுவதில் ஒரு வசதி இருக்கிறது, யாரும் காரணம் கேட்பதில்லை. அவள் உரித்தபடியே அந்த நாளைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். முதலில் பெருக்கல். அப்புறம் வெந்நீரில் சோப்பு, அளவு மூடி ஒன்று, ஒன்றுக்கு மேல் ஒரு சொட்டு இல்லை. தேய்த்து, ரப்பர் கட்டையால் தண்ணீரைத் தள்ளி, நல்ல தண்ணீர் ஒரு வாளி, மறுபடி தள்ளி, மறுபடி ஒரு வாளி. அன்றைக்கு அந்த இரண்டாவது வாளியை ஊற்றினேனா? ஊற்றினேன். தொட்டிக்குழாயில் பிடித்தேன். இல்லை, அது முந்தின நாளா? பதினோரு வருஷம் தினம் மூன்று வேளை ஒரே மாதிரி செய்கிறவர்களுக்கு எந்த வாளி எந்த நாளின் வாளி என்று எப்படித் தெரியும்?

அளக்க வருகிற நாளும் வந்தது. பேருந்திலிருந்து இறங்கி, குடையை மடக்கி, பின்வாசல் வழியாக உள்ளே எட்டிப் பார்த்தவளுக்குப் பகீரென்றது. தரை தரையாக இல்லை. தொட்டியிலிருந்து பெரிய அடுப்பு வரைக்கும் செங்கல் நிறத்தில் புத்தம் புதிதாக மின்னிக்கொண்டிருந்தது. கல் சந்துகளில் இருந்த பழைய கறைகூடக் காணோம்.

பாத்திரம் தேய்க்கிற அக்காவும் தங்கையும் முந்தானையில் கையைத் துடைத்தபடி சிரித்துக்கொண்டே வந்தார்கள். ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருப்பார்கள். ஒருத்தி ஆரம்பித்த பேச்சை இன்னொருத்தி முடிப்பாள்.

"எப்படி இருக்கு?" என்றாள் அக்கா.

"நேத்து நீ போனதும் ஆரம்பிச்சோம்" என்றாள் தங்கை. "கம்பி பிரஷ் போட்டு…"

"சோடா மாவு போட்டு…"

"நாலு தடவை வெந்நீர் ஊத்தி அலசியாச்சு. முட்டி ரெண்டும் வீங்கிப்போச்சு. இனி எவன் வந்து உன் தரையில அழுக்கு இருக்குன்னு சொல்றான்னு பார்க்கலாம்."

தரைக்காரி அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். "அழுக்கு பார்க்க வரலக்கா அவங்க. வழுக்குதான்னு பார்க்க வர்றாங்க."

"அதுக்கென்ன? இப்ப வழுக்காது. அவ்வளவு சுத்தம்."

"அதான் வினையே. நீங்க தேய்ச்சு இன்னிக்கு வழுக்கலைன்னா, நான் தேய்ச்சு அன்னிக்கு வழுக்குச்சுன்னுதானே ஆகும்? என் மாப்புதான் சரியில்லைன்னு நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி."

சகோதரிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "இது தோணலையேடி" என்றாள் அக்கா. இந்தத் தடவை தங்கைக்கு முடித்து வைக்க ஒன்றும் இல்லை. நல்லது செய்யப் போய் இப்படித் தலையில் கல்லைப் போட்டவர்களைத் திட்டவும் தரைக்காரிக்கு வாய் வரவில்லை. வீங்கிய முட்டிகளைப் பார்த்தால் பாவமாக இருந்தது.

காலைச் சமையல் முடிந்து வண்டிகள் கிளம்பிய பிறகு அளவுக்காரர் வந்தார். ஒல்லியான மனிதர், மூக்குக் கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். கையில் பூட்டுப் போட்ட மரப்பெட்டி. பெட்டிக்குள்ளிருந்து மூன்று கால் வைத்த ஒரு கருவியை எடுத்தார். ஊசல் மாதிரி ஆடுகிற ஒரு கை, அதன் நுனியில் குதிகால் அளவுக்கு ஒரு ரப்பர் துண்டு, பக்கத்தில் எண்கள் எழுதிய தட்டு, அதில் ஒரு கறுப்பு முள். அவ்வளவுதான். தன் வாழ்க்கையை முடிவு செய்யப்போகிற சாமான் இவ்வளவு சின்னதா என்று நினைத்தாள் தரைக்காரி. பின்கட்டில் உட்கார வேண்டியவள் வெங்காயக் கூடையை நகர்த்தி நகர்த்தி உள்வாசலுக்கே வந்திருந்தாள். யாரும் தடுக்கவில்லை.

மேலாளர் கதவோரமாக ஒரு மூலையைக் காட்டினார். "இங்க அளக்கலாம், வெளிச்சம் நல்லா இருக்கு."

"விழுந்தவங்க வெளிச்சத்துலயா விழுந்தாங்க?" என்றார் அளவுக்காரர், தலையைத் தூக்காமல். "எங்க விழுந்தாங்களோ அங்க காட்டுங்க."

பாத்திரக்கார அக்கா ஓடிப் போய்க் காலால் கோடு போட்டுக் காட்டினாள். அவர் ஒரு பழைய தலையணையைப் போட்டு அதன்மேல் மண்டியிட்டார். கருவியின் கால்களைத் திருகித் திருகி மட்டம் பார்த்தார். ரப்பர் தரையை எவ்வளவு தூரம் உரசுகிறது என்று ஒரு அடிக்கோலை வைத்துச் சரிபார்த்தார். இதற்கே ஒரு தேநீர் குடிக்கிற நேரம் ஆயிற்று. பிறகு ஊசலை விட்டார். அது கீழே வந்து தரையைச் சர்ரென்று உரசி மேலே போனது. திரும்பி வருவதற்குள் லாகவமாகப் பிடித்துக்கொண்டார். முள் ஒரு எண்ணில் நின்றது. எட்டுத் தடவை விட்டார். முதல் மூன்றைத் தள்ளிவிட்டு மீதி ஐந்தை எழுதிக்கொண்டார்.

"ஐம்பத்தெட்டு" என்றார்.

"அது நல்லதா, கெட்டதா?" என்று கேட்டார் மேலாளர்.

"முப்பத்தாறும் அதுக்கு மேலயும்னா நல்ல பிடிப்பு. இருபத்தஞ்சுக்கு மேல, முப்பத்தாறுக்குள்ளன்னா யோசிக்கணும். இருபத்தஞ்சுக்குக் கீழ போச்சுன்னா நடக்குறவங்களைக் கடவுள்தான் காப்பாத்தணும்."

மேலாளரின் முகம் மலர்ந்தது. "அப்ப ஐம்பத்தெட்டுன்னா தங்கமான தரை. தரையில ஒரு குறையும் இல்லைன்னு எழுதிடுங்க."

சகோதரிகள் இருவரும் ஒரே நேரத்தில் தலையில் கை வைத்துக்கொண்டார்கள்.

"இது காய்ஞ்ச தரை" என்று சொல்லிவிட்டு, அளவுக்காரர் பெட்டியிலிருந்து ஒரு தெளிப்பானை எடுத்து அந்த இடத்தில் தண்ணீர் அடித்தார்.

"நாங்க தரையை எப்பவும் காய்ஞ்சேதான் வச்சிருப்போம் சார்" என்றார் மேலாளர்.

"ஆயிரத்து இருநூறு பேருக்குச் சமைக்கிறீங்க. தண்ணி படாமலா?"

கூடமே சிரித்தது. மேலாளரும் கொஞ்சம் சிரிக்க வேண்டியதாயிற்று.

ஈரத்தில் ஊசல் விட்டபோது சத்தமே வேறாக இருந்தது. சர்ரென்ற உரசல் இல்லை. தரையைத் தொட்டதா என்றே தெரியாமல் வழுக்கிக்கொண்டு மேலே ஏறியது. எட்டுத் தடவை. அப்புறம் குறுக்காகத் திருப்பி வைத்து எட்டுத் தடவை. அளவுக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"பத்தொன்பது."

தண்ணீர்க்குழாய் சொட்டுவது கேட்டது.

மேலாளர்தான் முதலில் சுதாரித்துக்கொண்டார். "அதைத்தானே நானும் சொல்றேன் சார். சோப்பு. சரியா அலசாம வருஷக்கணக்கா விட்டுவிட்டு, சோப்பு அப்படியே படிஞ்சிருக்கு. துடைச்சவங்க தப்பு அது."

"சோப்பு படிஞ்சாலும் எண் இறங்கும்" என்று ஒத்துக்கொண்டார் அளவுக்காரர். "இல்லைன்னு சொல்ல மாட்டேன்."

"நேத்துதான் நாங்க சோடா போட்டு, கம்பி பிரஷ் போட்டு…" என்று ஆரம்பித்தாள் தங்கை.

"பதினோரு வருஷம் படிஞ்சது ஒரு நாள் தேய்ச்சா போயிடுமா?" என்றார் மேலாளர்.

அந்தப் பதினோரு வருஷம் என்ற சொல்தான் தரைக்காரியை எழுப்பி நிற்க வைத்தது. மடியிலிருந்த வெங்காயத்தோல் எல்லாம் தரையில் உதிர்ந்தது. தன் தரையில் தானே குப்பை போட்டதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

"ஐயா, இன்னொரு இடம் அளக்கணும்."

"நீ ஏம்மா உள்ள வந்தே?" என்றார் மேலாளர்.

"சொல்லட்டும்" என்றார் அளவுக்காரர். "எந்த இடம்மா?"

"அந்த மூட்டை அலமாரிக்கு அடியில." அரிசி மூட்டைகள் அடுக்கிய இரும்பு அலமாரியைக் காட்டினாள். சுவரோரமாக வேர் விட்ட மாதிரி அங்கேயே நிற்பது அது. "அங்க இருக்கிறதும் இதே கல்லு. ஒரே நாள்ல பதிச்சது. அடியில மாப்பை விட்டு நான் தினம் துடைக்கிறேன். இதே வாளி, இதே சோப்பு, இதே தண்ணி, இதே கை. ஆனா கூடம் கட்டின இந்தப் பதினாறு வருஷமா ஒரு கால் அங்க மிதிச்சதில்ல. நேத்து இவங்களும் அலமாரியை நகர்த்த முடியாம அந்த இடத்தைத் தேய்க்காம விட்டுட்டாங்க."

"ஆமா, விட்டுட்டோம்" என்றாள் அக்கா, குற்றத்தை ஒப்புக்கொள்கிற குரலில்.

"சோப்பு படிஞ்சிருந்தா அங்கதான் அதிகமா படிஞ்சிருக்கணும். அங்கயும் வழுக்குச்சுன்னா என் கைதான் சரியில்ல. நானே போயிடுறேன், யாரும் சொல்ல வேண்டாம். அங்க வழுக்கலைன்னா…" என்று நிறுத்தி மூச்சு வாங்கினாள். "வழுக்கலைன்னா, நடந்து நடந்து கல்லு தேய்ஞ்சுபோச்சுன்னு அர்த்தம்."

அளவுக்காரர் எழுதுவதை நிறுத்தினார். "இதை நான் கேட்டிருக்கணும். நீங்க கேட்டுட்டீங்க" என்றார். பிறகு அலமாரியைப் பார்த்தார். "எத்தனை மூட்டை?"

"இருபத்திரண்டு" என்றாள்.

கூடத்தில் இருந்த எல்லோரும் வந்தார்கள். காய் நறுக்குகிறவர்கள், வண்டியில் ஏற்றுகிறவர்கள், இரண்டு உதவிச் சமையல்காரர்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. மூட்டைகள் கைமாறிக் கைமாறிச் சுவரோரம் போயின. காலி அலமாரியை நாலு பேர் பிடித்து நகர்த்தினார்கள். மேலாளர்கூட ஒரு காலைப் பிடித்தார். சும்மா நிற்க அவருக்கே கூச்சமாக இருந்திருக்க வேண்டும்.

தலையணை, மட்டம், அடிக்கோல், தண்ணீர். எல்லாம் மறுபடி முதலிலிருந்து. ஊசலை விட்டார். ஈரத் தரையில் சர்ரென்று கேட்டது. அந்த ஒரு சத்தத்திலேயே தரைக்காரிக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் எட்டுத் தடவையும் வாய்க்குள் எண்ணினாள்.

"நாற்பத்து மூணு" என்றார் அளவுக்காரர். எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டு மேலாளரைப் பார்த்தார். "சோப்பும் இல்ல, மாப்பும் இல்ல. கல்லுதான் ஆள் நடந்து நடந்து மழுங்கிப்போச்சு. தேய்ச்சுச் சுத்தம் பண்ணின இடம் பத்தொன்பது, தேய்க்காத இடம் நாற்பத்து மூணு. இதைவிட நல்ல சாட்சி எனக்கு வேற எங்கயும் கிடைச்சதில்ல."

பாத்திரக்கார அக்கா தன் வீங்கிய முட்டியைத் தானே தட்டிக்கொடுத்தாள். "அப்ப நாங்க தேய்ச்சது வீண் போகலைன்னு சொல்லுங்க" என்றாள். கூடம் முழுக்கச் சிரிப்பு. தரைக்காரியும் சிரித்தாள், கண்ணில் வழிவதைத் துடைக்காமல். இந்தத் தடவை பக்கத்தில் வெங்காயம் இல்லை.

"ஏம்மா, அந்த வழி வழுக்குதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டார் அளவுக்காரர்.

"மாப்புக்குத் தெரியும் ஐயா. அலமாரிக்கு அடியில பிடிச்சு இழுக்கும். நடைவழியில அதுபாட்டுக்குப் போகும். ரெண்டு வருஷமா சார்கிட்ட சொல்லிட்டிருக்கேன்."

"சார் என்ன சொன்னார்?"

மேலாளர் காதோரத்தைச் சொறிந்துகொண்டே தானே சொன்னார். "நல்லதுதானே, வேலை சீக்கிரம் முடியும்னு சொன்னேன்."

அன்று மாலை வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் குடையைக்கூட உலர விரித்து வைக்கவில்லை. கணவனிடம், ஆனால் உள்ளறைக்குக் கேட்கிற குரலில், ஊசலிலிருந்து அலமாரி வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னாள். அவன் கையில் கம்பியைப் பிடித்தபடி சிலையாக நின்றான்.

"அக்கா, கேட்டியா?" என்றான் கடைசியில். "நான் வேணா மறுபடி சொல்லட்டுமா?"

"நீ போடா அந்தப் பக்கம்" என்று நாத்தனார் எழுந்து வந்தாள். எட்டு நாளில் சுவர்ப்பக்கத்தை விட்டு அவளாக எழுந்து வந்தது அதுதான் முதல் தடவை. தம்பி மனைவிக்கு எதிரே வந்து நின்றாள். சுவரைப் பார்க்கவில்லை.

"ரெண்டுல ஒண்ணுதான்னு சொன்னார் நம்ம மேலாளர். நான் தேய்ஞ்ச செருப்பு போட்டுட்டு வந்தேன்னு எழுதணும், இல்ல நீ அலசலைன்னு எழுதணும். எனக்கு வலி. என் பேரைக் காப்பாத்திக்கிட்டேன். உன் பேரைக் கொடுத்துட்டேன்."

தரைக்காரி குடையைச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

"நீ ரெண்டு வாளி ஊத்தினதை நான் பார்த்தேன்" என்றாள் நாத்தனார். "அடுப்புல நின்னு பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். பார்த்துட்டும் கையெழுத்துப் போட்டேன். உன் மூஞ்சியை எப்படிப் பார்ப்பேன், சொல்லு."

தரைக்காரிக்குக் கோபம் வந்தது. எட்டு நாளாக வராமல் இருந்த கோபம் எல்லாம் சேர்ந்து வந்தது. "நான் ஊத்தினேனா இல்லையான்னு தினம் செத்துக்கிட்டிருந்தேன் அண்ணி. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கணும்" என்றாள் நாத்தனார். "நாளைக்கு உன்கூட வர்றேன். அங்க வச்சுச் சொல்றேன், எல்லாருக்கும் கேக்குற மாதிரி."

சொன்னபடியே வந்தாள். மாவுக்கட்டோடு பேருந்தில் ஏறி, பின்வாசல் வழியாக வராமல் முன்வாசல் வழியாகவே வந்தாள். பெரிய அடுப்புக்கு முன்னால் நின்று, அடுப்புச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய அந்தக் குரலில், தான் பார்த்தது என்ன, எழுதிக் கொடுத்தது என்ன என்று சொன்னாள். மேலாளர் பழைய தாளை எடுத்துக் கிழித்தார். புதுத் தாளில் அவள் இடது கையால் கையெழுத்துப் போட்டாள். இந்தத் தடவை நிதானமாக, எழுத்து முட்டாமல் போட்டாள்.

அதே வாரம் கூடத்தை நாலு நாள் மூடச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. தரை முழுக்கப் பெயர்த்துப் புதுக் கல் பதிக்க வேண்டும். கல்காரர் மூன்று மாதிரிகள் கொண்டுவந்து வாசலில் வரிசையாக வைத்தார். மூன்றையும் ஊசல் வைத்துப் பார்த்து மூன்றுமே தேறும் என்று சீட்டு கொடுத்திருந்தார் அளவுக்காரர். சீட்டின் அடியில் ஒரு வரி எழுதியிருந்தார்: எதைப் பதிப்பது என்பதைத் தரையைத் துடைப்பவர் தேர்ந்தெடுக்கட்டும்.

"நீங்களே சொல்லுங்கம்மா" என்றார் மேலாளர். பதினோரு வருஷத்தில் அவர் அவளை நீங்கள் என்றது அன்றைக்குத்தான்.

தரைக்காரி மாப்பைக் கேட்டு வாங்கினாள். வாளியில் சோப்புத் தண்ணீர் கலந்து மூன்று கற்களின்மேலும் ஊற்றினாள். முதல் கல்லில் மாப்பு நூல் நூலாகப் பிய்ந்தது. இரண்டாவதில் அழுக்கு தங்கும் என்று பார்த்ததுமே சொல்லிவிட்டாள். மூன்றாவதில் மாப்பு பிடித்தும் பிடிக்காமலும் வந்தது. அதன்மேல் ஈரக்காலோடு ஏறி, குதிகாலை அழுத்தித் திருகிப் பார்த்தாள். கால் அசையவில்லை.

"இது" என்றாள்.

"இது கொஞ்சம் நிறம் மட்டமா இருக்கே" என்று இழுத்தார் கல்காரர். "பார்க்க அந்த ரெண்டாவதுதான்…"

நாத்தனார் மாவுக்கட்டுக் கையை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு எட்டு முன்னால் வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, ஈரமாக இருந்த அந்தக் கல்லின்மேல் தானும் ஏறி நின்றாள். விழுந்த நாளிலிருந்து ஈரத் தரை என்றாலே ஒதுங்கிப் போகிறவள், கீழே பார்க்காமல் கல்காரரைப் பார்த்தபடி நின்றாள்.

"இவ சொன்னா சரியா இருக்கும்" என்றாள். "இதையே பதிங்க."